முந்திப் போன மஞ்சள் வண்டி

வாங்க தம்பி, வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, ஷெட்டுக்குத்தானே போறோம். நீங்கதானுங்களே கோயமுத்தூர்ல நகைக்கடை வெச்சிருக்கறது? லோகநாதன் போன்ல சொன்னாப்ல. லோகநாதன் எனக்குச் சகலை. எங்கூட்டுக்காரி தங்கச்சியத்தான் கட்டியிருக்கறான். வண்டி ஏத்தற லாரிய எங்க நிறுத்தியிருக்கறீங்க? பள்ளிக்கூடத்து மேட்டுக்கு அந்தப் பக்கமா? அதுதான் சரி. அந்த மேட்டப் பத்தி அப்பறம் சொல்றேன்.

வெலையப் பத்தி இப்பப் பேச வேண்டாமுங்க. மொதல்ல வண்டியப் பாருங்க. உறைய அந்தப் பக்கம் சித்த புடிங்க. இதா! எப்படி? நல்ல தீவனம் தின்ன கோழி போட்ட முட்டைல மஞ்சக்கரு இருக்குமே, அதே நெறம். இந்தக் காரப் பண்ணின இத்தாலிக்காரனுக்கு, நான் கோழிப்பண்ணை வெச்சிருக்கறது எப்படித் தெரிஞ்சுதோ.

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. வண்டில கொறை இருக்குதுன்னு நான் விக்கல. வண்டில ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் ரோட்டுலயும் ஊர்க்காரங்ககிட்டயுந்தான்.

எதுக்கு வாங்கினேன்னு கேப்பீங்க. ஆசைதானுங்க, வேறென்ன. லோகநாதன் ஒரு ஜெர்மன் வண்டி வாங்கினான், கறுப்பு, நல்ல ஒசரம். அவன் ஊட்டு விசேசத்துக்குப் போறோம், சொந்தக்காரங்க அத்தனை பேரும் மாப்பிள்ளையச் சுத்தி நிக்கற மாதிரி அந்த வண்டியச் சுத்தி நிக்கறாங்க. நான் போயி எறங்கறேன், ஒருத்தராச்சும் திரும்பிப் பாக்கோணுமே! இந்தச் சென்னியப்பன் வந்தாச்சான்னு கேக்கக்கூட ஆளில்ல. அதுக்காகப் பொறாமைன்னு நெனைக்காதீங்க. எனக்குப் பொறாமைங்கறதே கெடையாது. ஒசரத்துல அவங்கூடப் போட்டி போட வேண்டாம், தாழமா ஒரு ஸ்போர்ட்ஸ் காரு வாங்கிப்போடலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

நவமணிகிட்ட, எங்கூட்டுக்காரி பேரு நவமணி, அவகிட்டக் கேட்டுத்தான் வாங்கினேன். கேட்டேன்னா, புக் பண்ணிப்போட்டு வந்து கேட்டேன்.

"எத்தனை பேரு உக்காரலாமுங்க?"ன்னா.

"ரெண்டு பேரு."

"நம்ம பழைய வண்டி?"

"அதக் குடுத்துட்டுத்தான் இது."

அவ உள்ள போயி மாவாட்டறதுக்கு அரிசி களைஞ்சா. சரின்னுதானே நான் எடுத்துக்கோணும்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லோணுமல்ல?

வண்டி வந்து எறங்கின அன்னிக்கு ஊரே இங்கதான். பஞ்சாயத்துத் தலைவர் தெய்வசிகாமணி வந்தாரு. பால் யாவாரமும் பண்றாரு, நல்ல மனுசன். அவருதான் ஆசைப்பட்டு முன்னாடி மூடியத் தொறந்தாரு. தொறந்து எட்டிப் பாத்தவரு மொகம் சுண்டிப்போச்சு.

"ஏனுங்கண்ணா, வர்ற வழில எஞ்சினக் கழட்டிட்டானுகளாட்ட இருக்குதே!"

"தெய்வசிகாமணி, இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் எஞ்சின் பின்னாடிதான் இருக்கும்"ன்னேன்.

"ஓ, நம்ம ஆட்டோவாட்டமா"ன்னுட்டுப் போயிட்டாரு. ஆட்டோவாம்! நீங்களே சொல்லுங்க தம்பி.

ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தம் இருக்குதே... நீங்க லாரிக்குப் போயிக் கேளுங்க, இங்க வேண்டாம். இங்க எதுக்கு வேண்டாம்னா, அதோ ஷெட்டுல கோழிக. அன்னிக்குச் சத்தம் கேட்டதும் அத்தனை கோழியும் ஒரே நேரத்துல கத்திக் கூண்டுல முட்டி மோதிச்சு. மக்கா நாளு காத்தால பாத்தா, பாதி முட்டைக்கு ஓடே இல்ல. வெறுந்தோலு. கையில எடுத்தா தண்ணி பலூனாட்டம் கொழகொழன்னு ஆடுது. கோழி டாக்டரு வந்து, "சார், பண்ணைக்குள்ள இந்தச் சத்தம் ஆகாது, ஒண்ணு கோழி இருக்கோணும், இல்ல வண்டி இருக்கோணும்"னுட்டாரு.

அதுக்கெல்லாம் நான் அசருவனா? பண்ணை ஆளுக நாலு பேரக் கூப்பிட்டு, கேட்டு வரைக்கும் தள்ளச் சொல்லிட்டேன். தெனமும் அப்படித்தான். நான் உள்ள உக்காந்து ஸ்டீரிங்கப் புடிச்சுக்குவேன். அவங்க பின்னாடி தள்ளிட்டு வருவாங்க. சத்தமில்லாம, சாமி பொறப்பாடு மாதிரி. ஊருக்குள்ள அதுக்கும் சிரிச்சானுக. சிரிக்கறவனுக்கு இந்த மாதிரி வண்டி தள்ளறதுக்காச்சும் கெடைக்குமா?

உள்ள உக்காந்து பாருங்க. அப்படியில்லீங்க, மொதல்ல பொச்ச வெச்சுட்டு அப்பறம் காலை உள்ள எடுங்க. ஆ, அப்படித்தான். வேட்டி கட்டிட்டு ஏற முடியாது. நான் எங்கல்யாணத்துக்குக்கூடப் பேண்டு போடாதவன். இதுக்காகத் தெச்சேன். எறங்கறதுதான் கொஞ்சம் செரமம். கதவப் புடிச்சு, ஒருக்களிச்சு, கீழ கைய ஊனி எந்திரிக்கோணும். பழகிட்டா ஒண்ணுமில்ல. இடுப்புக்கு ஒரு பெல்ட்டு போட்டுக்கிட்டாப் போதும்.

ஓட்டறது எப்படின்னு கேக்கறீங்களா? அதச் சொல்றேன். அது மட்டும் யாருகிட்டயும் நான் ஒழுங்காச் சொன்னதில்ல. ஒரு நாளு, விடிஞ்சும் விடியாம, பைபாஸ்ல ஏறினேன். முன்னாடியும் ஆளில்ல, பின்னாடியும் ஆளில்ல. மிதிச்சேன் தம்பி. முதுக யாரோ பின்னாலிருந்து புடிச்சு இழுத்தாப்பல ஆச்சு. வகுறு எங்கயோ பின்னாடி தங்கிப்போச்சு, நான் மட்டும் முன்னாடி போறேன். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு பச்சைக் கோடாட்டம் ஓடுது. எனக்கு அம்பத்தி ஆறு வயசு. சக்கரை இருக்குது. பையன் பெங்களூர்ல இருந்துட்டு மாசத்துக்கொருக்கா போன் பண்றான். அது ஒண்ணுமே அப்ப ஞாவகத்துக்கு வரல. தனியா உக்காந்து சிரிச்சேன். கண்ணுல தண்ணி ஓடுது, சிரிக்கறேன்.

அப்பறம் டோல்கேட்டு வந்துருச்சு. சீட்டு வாங்கறதுக்குக் கைய நீட்டினா எட்டல. நான் அவ்வளவு தாழ இருக்கறேன். அந்தப் புள்ள கூண்டுக்குள்ள இருந்து எந்திரிச்சு, பாதி ஒடம்ப வெளிய நீட்டிக் குடுத்துச்சு.

இத நவமணிக்குக் காட்டோணும்னு இருந்துச்சுங்க. அந்த ஒரு நிமிசத்த. அதுக்குத்தான் ஒரு கல்யாணத்துக்கு அவளக் கூட்டிட்டுப் போனேன். பட்டுச்சீலை, தலை நெறைய மல்லிகை. உக்காந்ததும் பூவெல்லாம் மேல் தகட்டுல நசுங்கிப்போச்சு. கழுத்தச் சாச்சுட்டே வந்தா. பாவம்னுதான் நானும் வேகமாப் போனேன், சீக்கிரம் போயிச் சேந்தாச் சாஞ்ச கழுத்து நிமுருமல்ல? கண்ண மூடிட்டுச் சாமி பேரச் சொல்லிட்டே வந்தா. ரசிக்கத் தெரியல.

மண்டபத்து வாசல்ல நிறுத்தினேன். கூட்டம்னா கூட்டம்! அன்னிக்கு லோகநாதன் வண்டிய ஒருத்தன் பாக்கல. கதவத் தொறந்தா, நவமணியால எந்திரிக்க முடியல. பொம்பளைக மூணு பேரு கையப் புடிச்சு இழுத்தாங்க. முந்தானை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கல்யாணத்து வீடியோக்காரன் மாப்பிள்ளைய உட்டுட்டு இதப் புடிச்சான். அது போன்ல சுத்து சுத்துன்னு சுத்துச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. பாத்தீங்களா? அதுல வண்டி நல்லா உழுந்திருக்குமே.

ஊட்டுக்கு வந்ததும் சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. "இனிமே நான் பஸ்ஸுல வந்துக்கறனுங்க"ன்னா. அவ்வளவுதான். நான் பஸ்ஸுல போகாதேன்னு சொன்னேன். பின்ன எதுல போகட்டும்னு கேட்டா. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள போன் வந்துருச்சு.

இப்ப மேட்டுக்கு வர்றேன். நம்ம பண்ணைல இருந்து மெயின் ரோட்டுக்குப் போக இந்த ஒரு ரோடுதான். நடுவுல பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பீடு பிரேக்கர், எந்தக் காலத்துலயோ போட்டது. வண்டி அதுல ஏறினா அடில கர்ர்ர்ருன்னு தேய்க்கும். என்ர வகுத்தச் சொரண்டற மாதிரி இருக்குமுங்க. சாய்ச்சு ஏத்திப் பாத்தேன், பின்னாடியா ஏத்திப் பாத்தேன். ஆகல. தெய்வசிகாமணியக் கூப்பிட்டு, "அதச் சமம் பண்ணிப்போடுங்க"ன்னேன்.

"கொழந்தைக ரோடு தாண்டற எடமுங்கண்ணா."

"கண்ணு எதுக்கு இருக்குது? பாத்துத் தாண்டட்டும்."

"டீச்சரம்மா சத்தம் போடுமுங்க."

"பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு கட்டிக் குடுத்தது யாரு? கோயில் மண்டபத்துக்குத் தளம் போட்டது யாரு? அப்பெல்லாம் யாரும் சத்தம் போடலையே"ன்னேன். நியாயத்தத்தானே கேட்டேன்? மனுசன் ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வெச்சிருந்தாப்ல. அப்பறம் பொக்லைன் வெச்சு வழிச்செடுத்துட்டாரு.

ரோடு அப்பறம் எப்படி இருந்துச்சுங்கறீங்க? எண்ணை தடவுனாப்பல. என்ர வண்டி மட்டுமா போச்சு? பஸ்ஸு, லாரி, வேனு எல்லாஞ் சர்ருசர்ருன்னு போச்சு. ஊருக்கே நல்லது பண்ணினேன். ஒருத்தனாச்சும் நன்றி சொல்லோணுமே.

அப்பறந்தான் அந்தச் சம்பவம். நவமணி சந்தைக்குப் போறதுக்குப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போயிட்டிருந்தா. பள்ளிக்கூடத்துக்கிட்ட ரோட்டத் தாண்டறா. மக்காச்சோள லோடு ஏத்திட்டு லாரி ஒண்ணு வந்துச்சு. அந்த டிரைவருக்கும் ரோடு நல்லா இருந்துச்சாட்டம் இருக்குது. இடிச்சுப்போட்டான்.

யாரு லோடா? அது எதுக்குங்க இப்ப? எந்தப் பண்ணைக்கு வந்தா என்ன... நம்ம பண்ணைக்குத்தானுங்க. தீவனத்துக்கு.

நான் இங்க வண்டியத் தொடச்சுட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ரோட்டோரத்துல கெடக்கறா. கால் போகக் கூடாத பக்கம் போயிருக்குது. டீச்சரம்மா, சகாயராணின்னு பேரு, அந்தம்மா தலையத் தூக்கி மடில வெச்சிருந்துச்சு. நவமணி என்னையப் பாத்தா. கைய நீட்டினா. "ஒரு நிமிசம் இரு, வந்தர்றேன்"னு சொல்லிட்டுத் திரும்ப ஓடியாந்தேன். வண்டிய எடுக்கறதுக்குத்தானுங்க! அன்னிக்குத் தள்ளல. கோழி செத்தாச் சாகட்டும்னு இங்கயே ஸ்டார்ட் பண்ணினேன். அந்த வேகத்துல இந்த ரோட்டுல எவனும் வந்திருக்க மாட்டான். போயி நிறுத்திக் கதவத் தொறந்தேன்.

டீச்சரம்மா வண்டியப் பாத்துச்சு. நவமணி காலப் பாத்துச்சு. "இதுல எப்படிங்க படுக்க வெக்கறது?"ன்னு கேட்டுச்சு.

நானும் பாத்தேன். சீட்டு தரையோட இருக்குது. கால மடக்காம உள்ள வெக்க முடியாது. மடக்கற மாதிரி அந்தக் கால் இல்ல. இந்தச் சில்லாவுலயே இதவிட வேகமான வண்டி கெடையாது தம்பி, அது அங்க கதவத் தொறந்துட்டு நிக்குது.

தெய்வசிகாமணியோட பால் வேன் வந்துச்சு. கேனையெல்லாம் ரோட்டுல எறக்கிப்போட்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒண்ணத் தூக்கியாந்து, அதுல படுக்க வெச்சு ஏத்தினாங்க. "நீங்களும் ஏறுங்கண்ணா"ன்னாரு. நான் யோசிச்சேன். வேன்ல நான் உக்காந்து என்ன பண்ணப்போறேன்? டாக்டரா நான்? முன்னாடி போனா ஆஸ்பத்திரில எல்லாந் தயாராச் சொல்லி வெக்கலாமல்ல? "நீங்க வாங்க, நான் முந்திப் போறேன்"னுட்டுக் கெளம்பிட்டேன்.

அன்னிக்கு ஓட்டினேன் பாருங்க, அதுதான் ஓட்டறது. ஒரு எடத்துல பிரேக்கு மிதிக்கல. பஸ்ஸுக்காரன் ஒதுங்கினான், போலீசுக்காரரு வாயப் பொளந்துட்டு நின்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிறுத்தினதும் ஸ்ட்ரெச்சரத் தள்ளிட்டு ரெண்டு பேரு ஓடியாந்தாங்க. கதவத் தொறந்து பாத்தா நான் மட்டும் உக்காந்திருக்கறேன்.

"பேசண்டு எங்கீங்க?"

"பின்னாடி."

ஒருத்தன் வண்டிக்குப் பின்னாடி போயிப் பாத்தான். அங்க எஞ்சின்தானே இருக்குது? கண்ணாடி வழியா அதையே பாத்துட்டு நின்னான்.

வேன் வரல. வரவேயில்ல. ஒரு டீ குடிக்கலாம், ரெண்டு டீ குடிக்கலாம், அவ்வளவு நேரம். நான் குடிக்கலீங்க. வாசல்லயே நின்னேன். வாச்சுமேன் வந்து, "சார், இது எவ்வளவு வேகம் போகும்?"னு கேட்டான். சொன்னேன். வண்டில சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கட்டுமான்னான். எடுத்துக்கன்னேன். நானே எடுத்துக் குடுத்தேன். ரோட்டப் பாத்துட்டே எடுத்ததுல அவன் தலை படத்துல உழுகல.

வேன் வந்துச்சு. டீச்சரம்மா அவ கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்துச்சு. நவமணி கண்ண மூடியிருந்தா. நான் குனிஞ்சு, "நவமணி, நான் எப்பவோ வந்துட்டேன்"னேன். தைரியத்துக்குத்தானுங்க சொன்னேன். கண்ணத் தொறந்து பாத்தா. என்னையப் பாத்தா, எனக்குப் பின்னாடி நின்ன வண்டியப் பாத்தா. மூடிக்கிட்டா.

அவ்வளவுதான் தம்பி. அதுக்கப்பறம் எங்கிட்ட அவ ஒரு வார்த்த பேசல. தொடைல தகடு வெச்சாங்க, ஊட்டுக்கு வந்தாச்சு, நாலு கால் கம்பியப் புடிச்சுட்டு நடக்கறா. எல்லார்கிட்டயும் பேசறா. தங்கச்சிகிட்ட போன்ல சிரிச்சுப் பேசறா. தெய்வசிகாமணி சம்சாரத்துகிட்ட கொழம்புக்குப் பக்குவம் சொல்றா. நான் உள்ள போனா நின்னுரும். சண்டை போட்டாப் பதிலுக்குப் பேசலாம். அழுதா சமாதானஞ் சொல்லலாம். சும்மா இருந்தா நான் என்ன பண்ணட்டும்?

வேன்ல வர்றப்ப அவ ஒருக்காக் கேட்டாளாமா, "அவரு எங்க?"ன்னு. டீச்சரம்மா சொல்லுச்சு. "முன்னாடி போயிட்டாருங்க"ன்னதுக்கு, அந்த வலியிலயும் சிரிச்சாளாமா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல. அவளுக்காகத்தானே போனேன்? யாராச்சும் சொந்தப் பொண்டாட்டிக்காக அந்த வேகத்துல போயிருப்பாங்களா?

ஆஸ்பத்திரில இருந்து வர்றதுக்குள்ள ஊர்க்காரங்க மேட்டக் கட்டிப்போட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. பழைய மேடு மாதிரி ரெண்டு மடங்கு ஒசரம். தெய்வசிகாமணியே சிமெண்டு சட்டியத் தூக்கினாராமா. ஒரு நாளு வண்டிய ஏத்திப் பாத்தேன். அடகாக்கற கோழியாட்டம் மேட்டு மேல உக்காந்துருச்சு. முன்சக்கரமும் தரையத் தொடல, பின்சக்கரமும் தொடல. பள்ளிக்கூடத்துப் புள்ளைக பூராவும் வெளிய வந்து பாக்குது. தெனமும் வண்டி தள்ளற பண்ணை ஆளுகதான் அப்பறம் தூக்கி எறக்கி உட்டாங்க. அன்னில இருந்து வண்டி ஷெட்டுலதான். நான் பஸ்ஸுலதான் போறேன். பொய் சொல்லக் கூடாது, பஸ்ஸு சவுகரியமாத்தான் இருக்குது. நிமுந்து உக்காரலாம்.

அவ பேசோணும்னு வண்டிய விக்கறேன்னு லோகநாதன் சொல்லிட்டுத் திரியறானாமா. உங்ககிட்டயும் சொன்னானா? நம்பாதீங்க. அவ விக்கச் சொல்லவேயில்ல. வண்டியப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ரோடு சரியில்ல, அதுக்குத்தான் விக்கறேன். உங்க ஊர்ல ரோடு எப்படிங்க? கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருச்சா. அவங்ககிட்டக் கேட்டீங்களா? புக் பண்ணிப்போட்டு இல்லீங்க, அதுக்கு முன்னாடி.

சரி, எனக்கென்ன வந்துச்சு. சாவி இந்தாங்க. இங்க ஸ்டார்ட் பண்ணிராதீங்க. ஆளுகளக் கூப்பிடறேன், கேட்டு வரைக்கும் தள்ளிட்டுப் போயிரலாம். மேட்டுக்குப் போடறதுக்குப் பலகையெல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன்.

இருங்க. சன்னல்ல யாரு? நவமணியா? அவ இந்தப் பக்கத்துச் சன்னலுக்கு வர்றதேயில்லையே...

"மேட்டுல பலகையப் போட்டு மெதுவா ஏத்தச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் உடற நேரம்."

தம்பி! கேட்டுச்சுங்களா? என்ன சொன்னா? நீங்க சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஏத்தச் சொல்லுங்கன்னா, இல்லீங்களா? ஏத்துங்கன்னு சொல்லல. உங்ககிட்டச் சொல்றதா இருந்தா ஏத்துங்கன்னுதானே சொல்லோணும்? சொல்லுங்கன்னா அது யாருகிட்ட? ஆளுகளக்கூட நான் இன்னும் கூப்பிடல. இங்க நீங்களும் நானுந்தானே நிக்கறோம்?

சித்த இருங்க. வண்டியத் தொடாதீங்க. மெதுவா ஏத்தச் சொல்லிட்டேன்னு நான் அவகிட்டப் போயிச் சொல்லிட்டு வந்தர்றேன். நேர்ல போயிச் சொல்லோணுமல்ல? இங்கிருந்து கத்தினா நல்லா இருக்காது. இல்லீங்க, ஓடல. மெதுவாத்தான் போறேன்.